இரண்டாம் பந்திக்கு முன்னால்

என் வீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்டதே கிடையாது. இது ஊருக்கே தெரியும். எங்கள் சபையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "ஐரின் கத்துவா, ஜெர்சன் சிரிப்பான்" என்பார்கள். மனிதர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். பகலெல்லாம் பிள்ளைகளிடம் "சொன்னதைக் கேளு, சொன்னதைக் கேளு" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, கே.கே. நகரில் எங்கள் வீட்டுப் படியேறியதும் காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்.

நான் படித்தது பூச்சியியல். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா செய்கிற புரதம், புழுவின் குடலுக்குள் போய் எதைப் பிடித்துக்கொண்டு அதைக் கொல்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காகத்தான் எனக்கு டாக்டர் பட்டம். ஜெர்சன் வீட்டு ஆட்களுக்கு நான் புழு டாக்டர். யாருக்காவது வயிற்றுவலி என்றால், "புழுவா இருக்கப்போவுது, ஐரினைக் கூப்பிடு" என்று கேலி பேசுவார்கள். பேசட்டும்.

ஐப்பசியில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் தோட்டத்தில் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஒரு பக்கம் ஏலம் நடக்கும்போதே மறுபக்கம் பந்தலில் அசன விருந்து தொடங்கிவிடும். ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம். மொத்தச் சபையும் பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும்.

இந்த வருஷம் கூட்டுக்கான கத்தரிக்காய் முழுவதும் எங்கள் தோட்டத்துக் காணிக்கை. ஆனையூரைத் தாண்டிப் போனால் ஜெர்சனுக்குப் பங்காகக் கிடைத்த கொஞ்சம் நிலம் இருக்கிறது. லீவு நாளில் அங்கேதான் கிடப்பார். கத்தரிக்காயும் அவர் புண்ணியத்தில் நன்றாகவே காய்த்திருந்தது. ஆனால் பண்டிகைக்கு முந்தின நாள், ஒரு காயில் புழு ஓட்டை இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"கர்த்தருக்குக் குடுக்குறது பழுதில்லாம இருக்கணும் ஐரின். ஒரு தடவ மருந்தடிச்சிட்டா நிம்மதி."

நாளைக்குப் பறிக்கிற காய்க்கு இன்றைக்கு மருந்தடிக்கிற கூத்தை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்? வேறு மருந்தாக இருந்தால் நான் ஆடித் தீர்த்திருப்பேன். ஆனால் அவர் அடிப்பதாகச் சொன்னது நான் வாங்கிக் கொடுத்த பி.டி. மருந்து. நான் பட்டம் வாங்கின அதே புரதம். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள் என்றேன். அப்படியே போய் அடித்துவிட்டு வந்தார். அட, இன்றைக்கு என் பேச்சைக் கேட்டுவிட்டாரே என்று எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் முதல் பந்தியில் ஹெப்சிபாவை உட்கார வைத்தோம். ஜெர்சனின் ஒரே தங்கை அவள். வில்லாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இரண்டு தடவை கலைந்து, இப்போதுதான் எட்டு மாதம் வரை வந்திருக்கிறாள். அவள் தும்மினால்கூட எங்கள் வீட்டில் நாலு பேர் ஓடுவோம். மற்ற நாளெல்லாம் சோற்றைப் பார்த்தாலே முகம் திருப்புகிறவள், அன்றைக்குக் கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

"மதினி, அண்ணன் கத்தரிக்கா வெண்ணெயா இருக்கு. இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்க."

நானே கரண்டியை வாங்கி வைத்தேன். சமையல் மாஸ்டர் தங்கப்பாண்டி அண்டாவுக்குப் பின்னாலிருந்து, "டாக்டரம்மா, நறுக்கும்போது உங்க ஆளு ஒருத்தன் உள்ள இருந்தான், மரியாதையா வெளிய அனுப்பிட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஹெப்சியின் மாமியாருக்குக் கொஞ்சம் கறி கட்டிக் கொடுக்கலாம் என்று, தூக்குவாளியை எடுக்க ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினேன். தூக்குவாளிக்கு அடியில், துணியில் சுற்றி, நான் வாங்கிக் கொடுத்த பி.டி. மருந்து பாட்டில் கிடந்தது. மூடியின் சீல்கூட உடைக்கப்படவில்லை.

இது இங்கே இருக்கிறது என்றால் இந்த மனிதர் நேற்று எதை அடித்தார்?

ஜெர்சன் சோற்று வாளியோடு பந்தியில் ஓடிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆலயத்தின் பின்னால் நிறுத்தி, பாட்டிலை மூஞ்சிக்கு நேராக நீட்டினேன்.

"இது என்ன?"

"நீ குடுத்த மருந்து." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. "இது இங்கயா இருக்கு? நான் மோட்டார் ரூம்ல வச்சிட்டேன்னுல்ல நெனச்சேன்."

"அப்ப நேத்து எத அடிச்சீங்க?"

"அலமாரில இருந்தத. கரண்டு இல்ல. தடவிப் பாத்தேன், பாட்டில் இருந்துச்சு. இதுதான்னு எடுத்து டேங்க்ல ஊத்துனேன்."

"வாடை தெரியலையா உங்களுக்கு?"

"நாலு நாளா எனக்குச் சளி, உனக்குத் தெரியாதா? மூக்கு செத்துப்போய்க் கெடக்கு."

அந்த அலமாரியில் கதவு நிலைக்கு அடிக்கிற கரையான் மருந்து இருப்பது எனக்குத் தெரியும். அதுவும் இதே மாதிரி பாட்டில்தான். போன பருவத்தில் மிச்சமான பழைய பி.டி. மருந்தும் அங்கே இருந்தது. காலாவதியானதை வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கிப் போடுங்கள் என்று ஆறு மாதமாக நச்சரித்திருந்தேன்.

"அந்தப் பழைய பாட்டில்?"

"அதத்தான் எப்பவோ தூக்கிப் போட்டாச்சே" என்றார். "ஐரின்... ஹெப்சி சாப்புட்டாளா?"

"ரெண்டு தடவ."

மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை.

எங்கள் சபையில் ஆனிமேரி அக்கா என்று ஒருவர் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸ். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அக்கா பதறவில்லை. "கழுவி, வேகவச்ச காய். அதனால கொஞ்சமாத்தான் உள்ள போயிருக்கும். ஆனா மாசமா இருக்கவ, சும்மா இருக்க முடியாது" என்றார். "எச்சில் ஒழுகுதா, கண்ணுமணி சுருங்குதான்னு நான் பாத்துக்கிட்டே இருக்கேன். மத்தவங்களையும் ஒரு கண்ணு பாக்குறேன். ஒரு கார வாசல்ல தயாரா நிப்பாட்டச் சொல்லு. நீ போய் என்ன மருந்துன்னு பாத்துச் சொல்லு, ஆஸ்பத்திரில அததான் மொதல்ல கேப்பாங்க."

அடுத்து இரண்டாம் பந்தியை நிறுத்த வேண்டும். இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. போதகரின் காதில் சொன்னேன். அவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். நேராக ஏலம் விட்டுக்கொண்டிருந்த மைக்கேல்ராஜ் அண்ணனிடம் போய், "அண்ணே, பந்திக்குக் கொஞ்சம் தாமதமாகும். ஏலத்த இழுங்க" என்றார். தங்கப்பாண்டியிடம் கூட்டு அண்டாவை மூடச் சொன்னார். ஏன் என்று கேட்க வாயைத் திறந்த தங்கப்பாண்டி, என் முகத்தைப் பார்த்துவிட்டு அண்டாவை மூடினார்.

மைக்கேல்ராஜ் அண்ணன் கையில் ஒரு சேவல் இருந்தது. எங்கள் சபையில் ஏலம் எடுத்தவரே அந்தப் பொருளைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்துவிடலாம். மறுபடியும் அதே ஏலம் நடக்கும். "இந்தச் சேவலோட அழகப் பாருங்க, கொண்டையப் பாருங்க!" என்று அவர் தொடங்கியபோது நானும் ஜெர்சனும் ஸ்கூட்டரில் ஏறியிருந்தோம்.

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். "மூக்கு இல்ல, சரி. கண்ணு இல்லையா? செல்போன்ல டார்ச்சு இல்லையா? பாடம் நடத்துற லட்சணமா இது?" அவர் வழக்கமாகச் சிரிப்பார். சிரிக்கவில்லை என்றதும் எனக்குப் பயம் கூடிப்போயிற்று.

மோட்டார் அறைக் கதவைத் திறந்ததுமே நெடி மூஞ்சியில் அறைந்தது. அலமாரியில் ஒரே ஒரு பாட்டில். கரையான் மருந்து. பாதிதான் இருந்தது. மூடி சரியாகத் திருகப்படவில்லை.

"இது முன்னாடி எம்புட்டு இருந்துச்சு?"

"தெரியல."

"மூடிய யாரு தொறந்தா?"

"போன வாரம் நிலைக்கு அடிச்சேன். அப்பத் தொறந்ததா, நேத்துத் தொறந்ததா... தெரியலையே ஐரின்."

மருந்தடிக்கிற டேங்கை முகர்ந்து பார்க்கலாம் என்றால் அதுவும் இல்லை. அது பக்கத்துத் தோட்டத்துப் பேயாண்டியுடையது. விடியற்காலையிலேயே கழுவி எடுத்துக்கொண்டு எங்கேயோ வேலைக்குப் போய்விட்டாராம். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஆனிமேரி அக்கா.

"ஐரின், ஹெப்சி வாந்தி எடுத்துட்டா. வேர்வை ஊத்துது. எச்சில் ஒழுகல, கண்ணுமணியும் சரியாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப நேரம் நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன். சீக்கிரம் சொல்லு."

ஆண்டவரே, அந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடும் என்று வாய்விட்டே சொன்னேன். ஜெர்சன் அறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லாமல் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டிலை எதற்குப் பார்க்கிறேன்? அடித்தது செடியில். செடியைக் கேட்டால் சொல்லிவிடாதா?

கத்தரிப் பாத்திக்குள் ஓடினேன். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தேன். என் கையிலேயே அந்த நெடி ஏறியிருந்ததால் ஒன்றும் புரியவில்லை. சரி, மூக்கை நம்ப வேண்டாம். குனிந்து இலைகளைப் புரட்டத் தொடங்கினேன்.

கரையான் மருந்து ஆள் பார்க்காது. எறும்பு, வண்டு, சிலந்தி, தேனீ என்று எல்லாவற்றின் நரம்பிலும் கைவைக்கும். இந்த மருந்தை நனைய நனைய அடித்திருந்தால் இந்நேரம் பாத்தி முழுக்கப் பூச்சிகள் மல்லாந்து கிடக்க வேண்டும். நான் படித்த புரதம் அப்படியில்லை. முதலில் அதைப் புழு தின்ன வேண்டும். புழுவின் குடலில் இருக்கிற காரத்தில் அது கரைய வேண்டும். கரைந்த பிறகு, குடல் சுவரில் தனக்கென்று இருக்கிற பிடிமானத்தைத் தேடிப் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். ஜாக்கெட் கொக்கி அதற்கென்று தைத்த நூல்கண்ணில்தானே மாட்டும், அந்த மாதிரி. மாட்டினால் குடலில் ஓட்டை விழும், புழு செத்துப்போகும். அந்தப் பிடிமானம் இல்லாத வயிற்றில் அது மாட்ட இடமில்லாமல் செரித்துப்போகும் அல்லது வெளியே போய்விடும். வண்டின் குடலில் இந்தப் புரதத்துக்கு அந்தப் பிடிமானம் இல்லை. எறும்புக்கு இல்லை. ஹெப்சிபாவுக்கும் இல்லை.

மூன்றாவது செடியில், ஒரு இலையின் மேல் புள்ளி வண்டு உட்கார்ந்திருந்தது.

கத்தரி போட்ட யாருக்கும் இந்தச் சனியனைக் கண்டால் ஆகாது. இலையின் பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவைக்கும். நானே எத்தனையோ வண்டுகளை விரலால் நசுக்கியிருக்கிறேன். இது எதைப் பற்றியும் கவலையில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

மனசு துள்ளியது. ஆனால் படித்த புத்தி விடவில்லை. வண்டுக்கு இறக்கை இருக்கிறது, காலையில் எங்கிருந்தாவது பறந்து வந்திருக்கலாம். இலையைத் திருப்பினேன். அடியில் அதன் குஞ்சுகள், மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக, வரிசையாக உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தன. இவற்றுக்குப் பறக்கத் தெரியாது. நேற்று ராத்திரியும் இதே இலையில்தான் இருந்திருக்க வேண்டும். அந்த இலையிலேயே மருந்துத் துளி காய்ந்து கறை கறையாகப் படிந்திருந்தது. கறையைச் சுற்றியே தின்றிருந்தன. கறையையும் தின்றிருந்தன. தண்டில் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

இன்னும் ஒன்று பாக்கி. சுருண்டிருந்த ஓர் இலையைப் பிரித்தேன். உள்ளே இலைச்சுருட்டுப் புழு. தொட்டால் துள்ளி நூல் விட்டு இறங்குகிற ஜாதி அது. தொட்டேன். மெல்ல ஒரு அசைவு, அவ்வளவுதான். தொளதொளவென்று கிடந்தது. சாகவில்லை. ஆனால் தின்பதை நிறுத்தியிருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் இதே மாதிரி கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். குடலில் கொக்கி மாட்டிவிட்டால் புழு இப்படித்தான் முதலில் வாயை மூடும், பிறகுதான் சாகும்.

புழுவின் வயிற்றில் மாட்டியிருக்கிறது, வண்டின் வயிற்றில் மாட்டவில்லை. அப்புறம் என்ன மருந்தாக இருக்க முடியும்?

நான் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பண்டிகைக்குக் கட்டின பட்டுச்சேலை சேறானது. "தின்னுடா ராசா, நல்லாத் தின்னு" என்று அந்த வண்டிடம் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அங்கேயிருந்தே போன் போட்டேன்.

"அக்கா, வண்டு சாகல!"

"எந்த வண்டுடி?"

"புள்ளி வண்டு! குஞ்சும் சாகல, எறும்பும் சாகல. புழு மட்டுந்தான் மயங்கிக் கெடக்கு. அடிச்சது பி.டி. மருந்துதான். கரையான் மருந்து இல்ல, இல்லவே இல்ல!"

"நல்லாப் பாத்தியா?"

"இதுக்குத்தான்கா எனக்குப் பட்டமே குடுத்தாங்க."

அக்கா மூச்சு விடுகிற சத்தம் போனில் கேட்டது. "இங்கயும் வாந்தி நின்னுருச்சு. கறியும் கூட்டும் அம்புட்டுத் தின்னா வேற என்ன ஆகும்? எதுக்கும் நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டிருவோம்" என்றார். மறுநாள் காட்டினோம். தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாகச் சொல்லி, எண்ணெயைக் குறைத்துச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

நான் போனை வைத்தபோது ஜெர்சன் வேலியோரத்தில் குப்பைக் குழிக்குள் இறங்கியிருந்தார். வாத்தியாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது, காலி பாட்டிலை இருட்டில் அந்தப் பக்கமாக எறிந்தது. சருகை விலக்கி ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். லேபிள் பாதி கிழிந்திருந்தாலும் எனக்குத் தெரியாதா? போன பருவத்துப் பி.டி. மருந்து. நான் ஆறு மாதமாகத் தூக்கிப் போடச் சொன்ன அதே பாட்டில்.

"தூக்கிப் போட்டாச்சுன்னு சொன்னீங்களே?"

"போடணும்னுதான் நெனச்சேன்" என்றார். "நெனச்சதையே போட்டதா நெனச்சிக்கிட்டேன் போல."

கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் கணக்கு எனக்குள் தானாக ஓடியது. இந்த மனிதர் என் பேச்சைக் கேட்டுப் பழைய பாட்டிலைத் தூக்கிப் போட்டிருந்தால், நேற்று இருட்டில் அந்த அலமாரியில் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்திருக்கும். அவர் கை அதைத்தான் எடுத்திருக்கும். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சேற்றுக் கையோடு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் செய்தேன்.

கரையான் மருந்தை இறுக்கி மூடி, மோட்டார் அறைக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். ஆலயத்துக்குத் திரும்பியபோது மைக்கேல்ராஜ் அண்ணன் இன்னமும் அதே சேவலை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போய்க் குரலே வரவில்லை. சேவல் எத்தனை பேரின் கையில் போய் எத்தனை தடவை காணிக்கையாகத் திரும்பி வந்ததோ, கர்த்தருக்கே வெளிச்சம். தூரத்திலிருந்தே கையை ஆட்டினேன். அவர் சேவலை அப்படியே யாரிடமோ கொடுத்துவிட்டு நாற்காலியில் விழுந்தார்.

"மாஸ்டர், அண்டாவத் தொறங்க" என்றேன்.

தங்கப்பாண்டி திறக்கவில்லை. "டாக்டரம்மா, மொதல்ல விஷயத்தச் சொல்லுங்க. இது நான் ஆக்குன சோறு" என்றார். நியாயம்தானே? சொன்னேன். போதகரும் பந்தியில் எல்லோரிடமும் ஒளிக்காமல் சொன்னார். ஒரு சலசலப்பு எழுந்தது. நாலைந்து பேர் இலையை விட்டு எழுந்தார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை. நேராகப் போய் முதல் இலையில் உட்கார்ந்தேன். சேற்றுச் சேலையோடுதான்.

நிழலில் சாய்ந்திருந்த ஹெப்சி எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி, வயல்ல உழுதுட்டு வாரீகளா? ஆமா, எனக்கு மறுபடி பசிக்குதே."

"வாயை மூடிக்கிட்டு ரசம் குடி" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் என் நெஞ்சுப் பாரம் முழுசாக இறங்கியது.

ஜெர்சன் கூட்டு வாளியோடு வந்து என் இலைக்கு முன்னால் நின்றார். கண் இன்னும் சிவந்திருந்தது. ஒரு கரண்டி வைத்தார்.

"போதும்" என்றேன்.

இன்னொரு கரண்டி வைத்தார்.

"போதும்ங்கிறேன்ல."

அவர் கேட்கவில்லை. மூன்றாவது கரண்டியும் வைத்தார். நான் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன்.